செங்கற்பட்டு சொன்ன விடை



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மருத்துவ ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குழாய்களும் நுண்பெருக்கிக் கருவிகளும் நிறைந்த கூடம் ஒன்று உங்கள் மனக்கண்முன் தோன்றும். நான் சொல்லப்போகும் ஆராய்ச்சி நடந்த கூடத்துக்குச் சுவர் இல்லை, கூரையும் இல்லை. திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களே அந்தக் கூடம். அங்கே உழுது பிழைத்த மக்களே அதில் பங்குகொண்டவர்கள். உலகெங்கும் உள்ள மருத்துவ மாணவர்கள் அதனைச் 'செங்கற்பட்டு ஆய்வு' என்ற பெயரால் படிக்கிறார்கள். அக்காலத்தில் திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது; 1997-ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆகவே பெயர் செங்கற்பட்டுக்குப் போயிற்று. ஊசி குத்திக்கொண்ட கைகளில் பெரும்பகுதி நம்முடையவை.

இந்தப் பொருளை எனக்குத் தந்தவள் ஒரு மாணவி. நான் இறுதியாகப் பணியாற்றிய பள்ளி கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் உள்ளது. பத்தாம் வகுப்பில் நோய்த்தடுப்பு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து, "சார், பிறந்த குழந்தைக்கே காசநோய்த் தடுப்பூசி போட்டுவிடுகிறார்களே, அப்புறமும் பெரியவர்களுக்கு அந்த நோய் எப்படி வருகிறது?" என்று கேட்டாள். அவளுடைய தமையன் தொழிற்பேட்டையில் உருக்குப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவன். அவன் அப்போது அந்நோய்க்கு மருந்து உண்டுவந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவளுக்கு அது பாடநூல் வினா அன்று, வீட்டு வினா. அதற்குச் செம்மையான விடை சொல்ல வேண்டுமானால் நூறாண்டு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் கிருமியை அறிந்துகொள்வோம். காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா என்பதை ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். இந்தக் கிருமியின்மேல் மெழுகு போன்றதொரு கொழுப்புப் போர்வை உண்டு. அதனால் பல மருந்துகள் இதனுள் எளிதில் நுழைவதில்லை. வேறு பாக்டீரியாக்கள் சில, வாய்ப்பான சூழலில் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருகும். இதற்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். நோயாளி இருமும்போது காற்றில் பரவி, பிறர் நுரையீரலை அடைகிறது. அங்கே நம் உடலின் காவலர்களாகிய வெள்ளணுக்கள் அதனை விழுங்குகின்றன. ஆனால் விழுங்கப்பட்ட பின்னும் அது மாய்வதில்லை; விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கக் கற்றிருக்கிறது. தொற்றுப் பெற்ற நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றேனும் நோய் வெளிப்படுகிறது. ஏனையோர் உடலில் அது உறங்கிக் கிடக்கிறது.

இத்தகைய பகைவனுக்கு எதிராக நமக்குக் கிடைத்த தடுப்பூசிதான் பி.சி.ஜி. என்பது. பிரான்சு நாட்டின் லீல் நகரில், பாஸ்டர் நிலையத்தில், கால்மெட், கெரேன் என்னும் இருவர் 1908-ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கினர். மாடுகளைத் தாக்கும் காசக் கிருமியை எடுத்து, மாட்டுப் பித்தமும் கிளிசரினும் ஊட்டிய உருளைக்கிழங்கின்மீது வளர்த்தனர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிய கிழங்குக்கு மாற்றினர். முதல் உலகப் போர் வந்தது, ஊர் பகைவர் வசமாயிற்று, வேலை நிற்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை இவ்வாறு மாற்றியபின், கிருமி உயிரோடு இருந்தது. நோய் செய்யும் கொடுமையை மட்டும் இழந்திருந்தது. 1921-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக வாய்வழியே அதனைப் புகட்டினார்கள். பின்னர் சுவீடன் நாட்டு மருத்துவர் வால்கிரென் தோலுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் குழந்தையின் தோளில் அவ்வாறே போடுகிறோம். மருந்து எது என்பது ஒரு கேள்வி. அதை எந்த வழியாக உடலுக்குள் அனுப்புவது என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாம் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

1930-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லூபெக் நகரில் பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. அங்குக் குழந்தைகளுக்குப் புகட்டிய மருந்தில், ஆய்வுக்கூடத்துப் பிழையால், கொடிய காசக் கிருமி கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. குற்றம் பி.சி.ஜி. மேல் இல்லை என்று தெளிவானபோதும், அந்த அச்சம் நெடுநாள் நீங்கவில்லை.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. மருந்து செய்யும் கூடம் தோன்றியது. நாடெங்கும் குத்தும் இயக்கம் தொடங்கியது. இவ்வாறு பெருந்திரளான மக்களுக்கு அரசே குத்துவது தகாது என்று இராஜாஜி 1955-ஆம் ஆண்டில் நூல் எழுதி எதிர்த்தார். மருத்துவர் பலர் மறுத்தனர். இரு பக்கத்திலும் அறிஞர்கள் இருந்தார்கள். ஆனால் வாதத்தின் வலிமையால் மட்டும் இத்தகைய வினா தீர்வதில்லை. அளந்து பார்த்தாக வேண்டும்.

அளந்து பார்த்தவர்களும் ஒத்துப் போகவில்லை என்பதுதான் வியப்பு. 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்து மாணவர்களிடையே தொடங்கிய ஆய்வில், நோய் வரக்கூடிய நூறு பேரில் ஏறத்தாழ எண்பது பேரை ஊசி காத்தது என்று தெரிந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் செய்த ஆய்விலோ நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவிலேயே காத்தது. எண்பதா, பதினான்கா? மருந்தின் வகை வேறா, மக்கள் வேறா, மண் வேறா? இந்தப் பூசலைத் தீர்க்க, ஐயத்துக்கு இடமில்லாத பேராய்வு ஒன்று வேண்டும் என்று அறிஞர்கள் கருதினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் ஒன்றுகூடின. தேர்ந்தெடுத்த இடம் நம்முடைய வட்டாரம். ஆண்டு 1968.

மூன்று ஆண்டுகளுக்குள் 3,60,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் வீடுவீடாகப் பதியப்பட்டன. கைக்குழந்தை முதல் முதியவர் வரை 2,60,000-க்கு மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. நான் அப்போது தொடக்கப் பள்ளிச் சிறுவன். ஊர்ச் சாவடியில் வரிசையில் நின்றதும், முன்கையில் சோதனைக்காகக் குத்திய இடத்தைச் சொறியக் கூடாது என்று பாட்டி கண்டித்ததும் நினைவிருக்கின்றன. அந்த வரிசையின் பொருள் என்ன என்பது ஆசிரியப் பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

அதன் அமைப்பைக் கேளுங்கள். ஊசி மருந்து ஒரே வகையன்று. சிலருக்கு முழு அளவாகிய 0.1 மில்லிகிராம், சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று நீர். மருந்திலும் டென்மார்க்கு வகை, பிரெஞ்சு வகை என இரண்டு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் முடிவு செய்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவருக்கும் அது தெரியாது. பின்னர் அவரைச் சோதித்து நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்தவருக்கும் தெரியாது.

இந்த மறைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் அரசுப் பொதுத் தேர்வை எண்ணிப் பாருங்கள். விடைத்தாளில் உங்கள் பதிவெண்ணை மறைத்து வேறோர் எண் இட்டுத்தான் திருத்துபவர் கையில் கொடுக்கிறார்கள். திருத்துபவர் தீயவர் என்பதனால் அல்ல. நல்லவர் மனத்திலும் சாய்வு உண்டு என்பதனால்தான். தடுப்பூசி போட்டவர் இவர் என்று தெரிந்தால், எக்ஸ்-ரே படத்தில் காணும் சிறு நிழலை மருத்துவர் தம்மையறியாமல் பொருட்படுத்தாது விடக்கூடும். மறைப்பு அந்த வழியை அடைக்கிறது. வெற்று நீர் எதற்கு? ஊசியின்றியும் நோய் எத்தனை பேருக்கு வரும் என்று தெரிந்தால்தானே, ஊசியால் எத்தனை பேர் தப்பினர் என்று சொல்ல முடியும்? உரமிட்ட வயலின் விளைச்சலை அறிய, உரமிடாத வயல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போன்றது இது.

பின்னர்ப் பொறுமை தொடங்கியது. கிருமி மெல்லப் பெருகுவது; நோயும் மெல்ல வெளிப்படுவது. இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை கிராமங்களில் கணக்கெடுத்தார்கள். எக்ஸ்-ரே எடுத்தார்கள்; சளியைச் சேகரித்து ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். ஏழரை ஆண்டுகளின் முடிவு 1979-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினைந்து ஆண்டுகளின் முழுக் கணக்கு 1999-ஆம் ஆண்டில் அச்சாயிற்று.

விடை என்ன? பெரியவர்களின் நுரையீரல் காசத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை. ஊசி போட்டவரிடமும் வெற்று நீர் பெற்றவரிடமும் நோய் ஒரே அளவில் வந்தது. மருந்தின் அளவைக் கூட்டியும் பயனில்லை. வகையை மாற்றியும் பயனில்லை. சிறுவர்களிடம் நூற்றுக்கு 27 என்னும் அளவில் சிறு காப்புத் தெரிந்தது. கணித முறைப்படி அதுவும் உறுதியான எண் அன்று.

உலக அறிஞர்கள் திடுக்கிட்டனர். ஆய்வில் பிழை இருக்குமோ என்று வல்லுநர் குழுக்கள் கூடித் துருவித் துருவிப் பார்த்தன. மருந்து பழுதானதா? இல்லை. கணக்குத் தவறா? இல்லை. விடை நின்றது. இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆய்வை நடத்தியவர்கள் பி.சி.ஜி.க்குப் பகைவர் அல்லர். அது வெல்லும் என்று நம்பி உழைத்தவர்கள். தாம் விரும்பாத விடை வந்தபோது அதை மறைக்காமல் உலகத்தின் முன் வைத்தார்கள். தேர்வில் தவறிய மாணவனின் மதிப்பெண்ணைத் திருத்தாமல் எழுதும் ஆசிரியரின் நேர்மை அது. அந்த நேர்மை இல்லாதிருந்தால், ஊசி போட்டாயிற்று, இனி அச்சமில்லை என்ற பொய்த் தெம்பில் நாடு இருந்திருக்கும்.

அப்படியானால் குழந்தைகளுக்கு இன்றும் ஏன் போடுகிறோம்? காரணம் உண்டு. கைக்குழந்தைகளிடம் காசம் நுரையீரலோடு நிற்பதில்லை. மூளையை மூடிய சவ்வைத் தாக்குகிறது, அல்லது உடல் முழுதும் தினைமணிபோல் பரவுகிறது. இவ்விரண்டும் உயிர்க்கொல்லிகள். இவற்றைப் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஆகவே உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்த ஊசியைத் தவறாமல் போடச் செய்யுங்கள். அது குழந்தைப் பருவத்துக் கேடயம். வாழ்நாள் முழுமைக்கும் உரிய கவசம் அன்று. அந்த மாணவியின் வினாவுக்கு நான் தந்த முதல் விடை இதுவே.

இனி, இங்கிலாந்தில் காத்த மருந்து இங்கே ஏன் காக்கவில்லை? இந்த இடத்தில் வினா கிராமத்திலிருந்து மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குச் செல்கிறது. வெப்ப நாட்டு மண்ணிலும் நீரிலும் காசக் கிருமியின் சுற்றத்தாராகிய பல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை பெரும்பாலும் நோய் செய்வதில்லை. வயலில் இறங்கி, குளத்தில் குளித்து வளரும் நம் மக்களின் உடல், ஊசி போடுமுன்னரே அவற்றோடு பழகியிருக்கிறது. திருவள்ளூர் வட்டாரத்தில் செய்த தோல் சோதனைகளும் அந்தப் பழக்கம் மிகுதி என்றே காட்டின.

இதிலிருந்து இரண்டு விளக்கங்கள் எழுந்தன. ஒன்று, மண் கிருமிகளே ஓரளவு காப்பைத் தந்துவிடுகின்றன. கூரையுள்ள வீட்டுக்குள் குடை விரித்தால் குடையின் பயன் தெரியாதது போல், ஊசியின் பயன் தெரிவதில்லை. மற்றொன்று, பி.சி.ஜி. உயிருள்ள மருந்து, உடலுக்குள் சிறிது காலம் பெருகினால்தான் அது பாடம் கற்பிக்க முடியும். மண் கிருமிகளோடு பழகிய உடல், அதனைப் பெருகுமுன்னரே அழித்துவிடுகிறது; களை மண்டிய வயலில் தூவிய விதை முளைக்காதது போல. 2002-ஆம் ஆண்டில் டென்மார்க்கு ஆய்வாளர்கள் எலிகளுக்கு முதலில் இத்தகைய சுற்றுச்சூழல் பாக்டீரியாக்களைப் பழக்கி, பின் பி.சி.ஜி. கொடுத்துப் பார்த்தார்கள். அவ்வகைக் கிருமிகளில் சில, பி.சி.ஜி. பெருகுவதைத் தடுத்தன, காப்பும் குன்றிற்று. எலியில் கண்டது மனிதரில் முழுதும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் நம் வயல் சொன்ன புதிருக்கு அது ஒரு திறவுகோல்.

இப்போது, நினைவில் வைக்கச் சொன்ன இரண்டாம் கேள்விக்கு வருவோம். மருந்தை எவ்வழியே அனுப்புவது? 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே பழைய பி.சி.ஜி.யைக் குரங்குகளுக்கு வெவ்வேறு வழிகளில் கொடுத்தார்கள்: தோலுக்குள், மூச்சுவழியாக, நேரே இரத்தக் குழாயில். பின்னர்க் கொடிய காசக் கிருமியை அவற்றின் நுரையீரலுக்குள் செலுத்தினர். இரத்தக் குழாயில் பெற்ற பத்துக் குரங்குகளில் ஒன்பது நன்கு காக்கப்பட்டன. ஆறில் தொற்றின் சுவடே தென்படவில்லை. மருந்து அதே மருந்து. வழி மாறியதால், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் நுரையீரலிலேயே பெருந்தொகையாகத் தங்கிவிட்டன. கருவூலத்தைக் காக்க ஊர் எல்லையில் காவலரை நிறுத்துவதற்கும், கருவூல வாயிலிலேயே நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது. உயிருள்ள கிருமியை மனிதரின் இரத்தக் குழாயில் செலுத்துவது இடர் மிக்கதாதலால், இது நாளைக்கே நமக்கு வரும் மருத்துவம் அன்று. வழி காட்டும் விளக்கு.

வேறொரு முயற்சியும் உண்டு. நம் சித்த வைத்தியர்கள் சூரணத்தைத் தேனிலோ நெய்யிலோ குழைத்துக் கொடுப்பார்கள். அதற்கு அனுபானம் என்று பெயர்; மருந்தைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது அதன் வேலை. இக்காலத் தடுப்பூசிக்கும் அனுபானம் உண்டு. எம்72 என்னும் புதிய ஊசியில் முழுக் கிருமி இல்லை. காசக் கிருமியின் இரண்டு புரதங்களை இணைத்துச் செய்த ஒரு புரதமே உண்டு. தனியே கொடுத்தால் உடல் அதனைப் பெரிதாக மதிக்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழ்களும், தென் அமெரிக்க மரப்பட்டை ஒன்றிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்த கலவையோடு கொடுக்கிறார்கள். அந்தக் கலவை வெள்ளணுக்களைத் தட்டி எழுப்புகிறது. ஆப்பிரிக்க நாடுகள் மூன்றில், முன்னமே தொற்றுப் பெற்ற பெரியவர்களிடம் செய்த ஆய்வில், மூன்றாண்டுகளில் ஏறத்தாழப் பாதி நோயை இது தடுத்தது என்று 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இறுதிக் கட்டப் பேராய்வு 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிற்று. அதிலும் ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசிதான். அதிலும் எவருக்கு எது என்பது மறைபொருள்தான். திருவள்ளூர் மக்கள் நின்ற அதே வரிசையில் இன்று பிற நாட்டு மக்கள் நிற்கிறார்கள்.

தடுப்பூசி கைகொடுக்காத இடத்தில் நம் மாநிலம் வாளா இருக்கவில்லை. 1956-ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தோன்றியது. நோயாளியைச் சானட்டோரியத்தில் ஓராண்டு படுக்கவைத்து, நல்லுணவு ஊட்டி மருந்து கொடுப்பதா, குடிசையில் இருந்தபடியே மருந்து உண்ணச் செய்வதா என்று அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்னும் முடிவு 1959-ஆம் ஆண்டில் வெளிவந்தது; உலகின் சிகிச்சை முறையே மாறிற்று. பின்னர் 1999-ஆம் ஆண்டு முதல் திருவள்ளூர் மாவட்டத்தில், பிறர் கண்முன் மருந்து உண்ணும் 'டாட்ஸ்' முறையை நடத்தி, மக்களிடையே நோய் எவ்வளவு குறைகிறது என்று அந்நிலையத்தார் கணக்கெடுத்தனர். இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 600 என்றிருந்த நோயாளிகளின் தொகை சில ஆண்டுகளில் ஏறத்தாழ 300 ஆகக் குறைந்தது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் சற்றே ஏறியது. வெற்றியும் நிலையானதன்று என்பதை அந்த ஏற்றமும் சொல்லிற்று. அதையும் அவர்கள் மறைக்கவில்லை.

2023-ஆம் ஆண்டில் உலகில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நம் தொழிற்பேட்டைப் பகுதியை எண்ணிப் பாருங்கள். தொலை மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் ஒரே அறையில் முறை வைத்துத் தூங்குகிறார்கள். காற்றோட்டமில்லாத அறையில் ஒருவன் இருமினால் மற்றவர் அனைவரும் அந்தக் காற்றையே மூச்சிழுக்கிறார்கள். வார்ப்புப் பட்டறைகளில் பறக்கும் மணல்தூள் நுரையீரலில் படிந்தால், காசம் பற்றும் வாய்ப்புப் பன்மடங்காகிறது. போதிய உணவில்லாத உடலில் உறங்கும் கிருமி விழித்துக்கொள்கிறது. இவற்றுள் எதற்கும் குழந்தைப் பருவத்து ஊசி மாற்றாகாது.

ஆகவே அந்த மாணவிக்கு நான் தந்த இரண்டாம் விடையை உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு வாரம் இருமல் நீடித்தால், தடுப்பூசி போட்டவன் நான் என்று இராமல், அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்; கட்டணம் இல்லை. நோய் என்று தெரிந்தால், மருத்துவர் சொன்ன மாதம் முழுதும் மருந்தை உண்ண வேண்டும். உடல் தேறிவிட்டது என்று இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரும். வீட்டில் நோயாளி இருந்தால் சன்னலைத் திறந்து வையுங்கள். அவரை ஒதுக்கி வையாதீர்கள். அவளுடைய தமையன் மருந்தை முடித்துக் குணமடைந்தான். அவள் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள்.

உங்களில் சிலர் நாளை ஆய்வுக்கூடத்தில் அமர்வீர்கள். வியத்தகு மருந்து ஒன்றை எலியிலும் குரங்கிலும் கண்டு மகிழ்வீர்கள். அப்போது அதனை மக்களிடம் அளந்து பார்க்கும் நாளும் வரும். வரும் விடை 'ஆம்' ஆயினும் 'இல்லை' ஆயினும் அதை உள்ளபடியே எழுதுங்கள். முன்கையை நீட்டி வரிசையில் நின்ற இரண்டரை இலட்சம் பேருக்கும் மேலாக, பெயர் அறியாத நம் ஊரார், தமக்கு என்ன மருந்து கிடைத்தது என்பதைக்கூட அறியாமல் உலகுக்கு ஓர் உண்மையைத் தந்து சென்றார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன், நேர்மையாகக் கணக்கெழுதுவதால் மட்டுமே தீரும்.